அண்ணன் சட்டைப் பையில் ஜிங்க்

போன மாதம் போடியில், ஒரு டாக்டரின் அறையில் வைத்து, என் அண்ணன் கையிலிருந்து மாத்திரை டப்பாவைப் பிடுங்கினேன். அறுபதைத் தாண்டிய மனிதர். தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர். கூச்சமாக இல்லையா என்கிறீர்களா? கொஞ்சம்கூட இல்லை!

அண்ணனுக்கு மலைச்சரிவில் ஏலத்தோட்டம். மழைக்காலத்தில் அட்டை கடிப்பதெல்லாம் அங்கே ஒரு விஷயமே இல்லை. ஆனால் இந்த முறை காலில் கடித்த இடம் புண்ணாகி, ஆறவே இல்லை. காய்ச்சல் வேறு விட்டு விட்டு வந்தது. நாலு எட்டு மேலே ஏறினால் மூச்சு வாங்கினார். எனக்குப் பயமாக இருந்தது.

அவருக்குப் பயமே இல்லை. சட்டைப் பையில்தான் ஜிங்க் மாத்திரை இருக்கிறதே!

கொரோனா நேரத்தில் ஒரு டாக்டர் சில நாளைக்கென்று எழுதிக் கொடுத்தது. சில நாள் முடிந்தும் அண்ணன் நிறுத்தவில்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ‘எதிர்ப்பு சக்தி’ என்று எது வந்தாலும் மாத்திரை ஒன்று கூடும். புண் ஆறவில்லையா? இன்னொன்று. தெம்பு இல்லையா? இன்னும் ஒன்று...

ஒருவழியாக ஜீப்பில் ஏற்றி போடிக்கு இறக்கி வந்தேன். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. ரத்தம் குறைவு. கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களும் குறைவு. “என்னென்ன மாத்திரை சாப்புடுறீங்க?” என்று கேட்டார். அண்ணன் பெருமையாக டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கி, ஆக்சிஜனிலிருந்து ஒருவித நெருப்பை உண்டாக்கி அதைக் கொல்கின்றன. அந்த வேலைக்கு ஜிங்க், அதாவது துத்தநாகம், வேண்டும். நெருப்பு அளவு மீறி நம் உடம்பையே சுடாமல் அடக்கி வைக்கவும் அதே ஜிங்க்தான். குறைந்தால் ஆபத்து. ஆனால் மாதக்கணக்கில் அள்ளி விழுங்கினால், சாப்பாட்டிலுள்ள தாமிரச் சத்தை உடம்பில் சேரவிடாது. தாமிரம் இல்லாமல் ரத்தமும் ஊறாது, வெள்ளை அணுவும் போதுமான அளவு உருவாகாது. எதிர்ப்பு சக்திக்காகத் தின்ற மாத்திரை, இருந்த எதிர்ப்பு சக்தியையும் தின்றுவிட்டது!

“தாமிர அளவையும் பார்த்துருவோம். இதை இனிமே தொடாதீங்க,” என்றார் டாக்டர்.

“நிறுத்துனா இருக்குற தெம்பும் போயிருமேம்மா...” அண்ணன் டப்பாவை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

அப்போதுதான் பிடுங்கினேன்.

“கொண்டா ஆத்தா இங்கிட்டு. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?”

“அண்ணே, ஏலச்செடிக்கும் ஜிங்க் அடிக்கிறேல்ல? டேங்குல ஒருத்தன் அளவுக்கு மேல கொட்டிட்டா என்ன பண்ணுவ?”

“உண்டு இல்லன்னு ஆக்கிருவேன். இலை கருகிப் போகும்ல!”

“கருகுன செடிக்கு இன்னும் கொஞ்சம் சேத்து அடிப்பியா?”

“எனக்கென்ன கிறுக்கா? அதெப்படி...” பாதியில் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. டப்பாவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

செடிக்கு அளந்து ஊற்றுகிற மனிதர், தனக்கு மட்டும் ஏன் அளக்கவில்லை? ‘சத்து’ என்று பெயர் வைத்துவிட்டால் போதும், நம்மில் பலருக்கு அளவு என்பதே மறந்துவிடுகிறது. டாக்டர் அளந்து கொடுத்தால் நானும் ஜிங்க் விழுங்குவேன். ஆனால் யாரோ ஒருவர் காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்பி வைக்கிற அறிவுரைக்காக ஒரு துளிகூட விழுங்க மாட்டேன்!

பரிசோதனையில் தாமிரம் குறைவாகத்தான் இருந்தது. இப்போது அதற்கு வைத்தியம் நடக்கிறது. புண்ணின் ஓரம் காயத் தொடங்கியிருக்கிறது. அண்ணன் மெதுவாகச் சரிவேறுகிறார்.

நடந்ததை அப்படியே குடும்ப குரூப்பில் போட்டேன். பெரியப்பா மகன் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “நீ என்ன டாக்டரா?” என்று கேட்டார். “இல்ல. நீங்களும் இல்ல. ஆனா நீங்க அனுப்புனத நம்பித்தான் எங்க அண்ணன் படுத்தாரு. வேணும்னா என்னைய குரூப்ப விட்டுத் தூக்கிக்கங்க,” என்று பதில் போட்டேன். தூக்கிவிட்டார்கள். நிம்மதி!

இதையும் படித்துவிட்டு, ‘மேடம், அது எந்தக் கம்பெனி மாத்திரை?’ என்று கேட்டு எழுதப்போகும் வாசகர்களே... டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கூடப் பிறந்தவருக்கே திருப்பித் தரவில்லை. உங்களுக்கா தரப்போகிறேன்?