உப்பு தெரியுதா?

இன்று கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டைவரை இறங்கிக் கசந்தது. உடனே அந்த மிஷன் ஆசுபத்திரி நினைவுக்கு வந்தது.

எனக்கு ஏழு வயது. இடது கண்ணில் எந்நேரமும் நீர் வடியும். மகாராஜா சர்க்கார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த அப்பா, பாறசாலையிலிருந்து மாட்டுவண்டியில் கூட்டிப்போனார். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் வழி அடைத்திருக்கலாம் என்ற டாக்டர், கண்ணோரத்தில் ஊசிக்குழலால் உப்புத் தண்ணீர் செலுத்தினார்.

"தொண்டையில உப்பு தெரியுதா மக்கா? இல்லேண்ணா கம்பி விடணும்."

மேசையில் மெல்லிய வெள்ளிக் கம்பிகள் கிடந்தன. என் தலையைப் பிடித்திருந்த அப்பாவின் கைகளுக்குள் திமிறிக்கொண்டே, "உப்பாக்கும்! உப்பாக்கும்!" என்று கத்தினேன்.

டாக்டர் குழலை மறுபடி நிரப்பிச் செலுத்தினார். "இப்ப?"

"இப்பவும் உப்புதான்."

"எலே, இது உப்பு போடாத தண்ணியாக்கும்."

கம்பி உள்ளே போனது. மூக்குக்குள் ஏதோ முறிந்ததுபோல் இருந்தது. அலறினேன். அடுத்துச் செலுத்திய தண்ணீர் தொண்டையில் நன்றாகவே கரித்தது. சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பேசாமல் கிடந்தேன். என் முகம் சுளித்ததைப் பார்த்தே டாக்டர் சிரித்தார்.

"அடைப்பு போயாச்சு. இனி கண்ணத் தொறக்கலாம்."

நான் அப்போதே திறந்துவிட்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். கச்சேரியே பயப்படும் என் அப்பா, கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார்.