ஒரே பேர், ரெண்டு ஊர்

போன வாரம் எனக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கும் சண்டை. நம் அந்தமான் அபர்டீன் பஜாரைக் கொடுத்தால் அது நேரே ஸ்காட்லாந்தில் இருக்கிற அபர்டீனில் போய் நிற்கிறது! அதே பஜாரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிற எனக்குக் கோபம் வருமா, வராதா?

விஷயம் இதுதான். நம் தீவுகளைப் பற்றிய தகவல்களை ஒரு குழு கம்ப்யூட்டரில் கோர்க்கிறது. நாலெட்ஜ் கிராஃப் என்கிறார்கள். பயந்துவிடாதீர்கள் — ஊருக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு கட்டம், நடுவில் உறவைச் சொல்ல ஒரு கோடு, அவ்வளவுதான். சுனாமியில் போனவர்கள் பேரும் அதில் உண்டு. பதிவுகளில் வருகிற ஊர்ப் பேர் எந்தக் கட்டத்தைச் சேரும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். சரியா, தப்பா என்று நாங்கள் சொல்ல வேண்டும். நாங்கள் என்றால் நானும் மலரும். மலர் கட்சால் தீவுப் பெண். அவள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர் பால் வெட்ட வந்தது.

எனக்கு இதெல்லாம் ஜுஜுபி. காலிகட் என்றதும் கம்ப்யூட்டர் கேரளாவுக்கு ஓடியது. இழுத்து வந்து தெற்கு அந்தமானில் இருக்கிற காலிகட்டில் உட்காரவைத்தேன். நம் ஆட்கள் பழக்கம் அப்படி... இடம் மாறினால் சட்டி பானையோடு ஊர்ப் பேரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மெயின்லேண்ட் மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?

அப்புறம் வந்தது கட்சாலில் ஒரு குடியிருப்பு. சுனாமிக்கு முன்னால் கடலோரம் இருந்தது. பிழைத்தவர்களுக்கு மேட்டில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அவர்களும் வழக்கம்போல் பழைய பேரையே வைத்துக்கொண்டார்கள். ரெண்டும் ஒன்றுதான் என்றது கம்ப்யூட்டர். அதே பேர், அதே ஜனம் — நானும் தலையாட்டப் போனேன். மலர் மவுஸை வாங்கி, தப்பு என்று அழுத்தினாள்.

வீடியோ காலில் இருந்த குழுத் தலைவர் கோயமுத்தூர்க்காரர். தன்மையாகத்தான் கேட்டார்... பழைய ஊர்தான் தண்ணீருக்குள் போய்விட்டதே, இல்லாத ஊருக்கு எதுக்கம்மா தனிக் கட்டம் என்று.

மலர் குரலை உயர்த்தவில்லை.

"எங்கப்பா பேருலேர்ந்து ஒரு கோடு போகுது சார், செத்த இடம்னு. ரெண்டு ஊரையும் ஒண்ணாக்கினா, அவரு மேட்டுல செத்ததா ஆயிரும். மேட்டுல இருந்திருந்தா அவரு செத்திருக்கவே மாட்டாரு."

இதற்குப் பிறகும் சும்மா இருக்கிற ஆளா நான்? காலிகட்டுக்கு ரெண்டு கட்டம் உண்டென்றால் இதற்கும் உண்டு, தண்ணீருக்குள் போனாலும் ஊர் ஊர்தான் என்று போட்டேன் ஒரு போடு. சரி, ரெண்டாகவே இருக்கட்டும் என்றார் தலைவர்.

கரைக்கு ஒரு கட்டம், மேட்டுக்கு ஒரு கட்டம். இங்கிருந்தவர்கள் அங்கே போனார்கள் என்று நடுவில் மலரே ஒரு கோடு போட்டாள். அவள் அப்பாவின் கோடு மட்டும் கரையிலேயே இருக்கிறது.

அந்த ஊரைக் கடல் ஒரு தடவை எடுத்துக்கொண்டது போதாதா?