சாம்பலியின் கழுத்து

குதிரை பிடிக்கிற வேலையில் அவரை மிஞ்ச அந்தக் கால்நடை மருத்துவமனையில் ஆள் கிடையாது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் சீட்டிக்காரர். உதட்டைக் குவித்து மெல்ல ஒரு சீட்டி அடித்தால் போதும், எப்பேர்ப்பட்ட முரட்டுக் குதிரையும் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிடும். அதிலும் சாம்பலி என்கிற அந்தச் சாம்பல்நிறப் பெண்குதிரை இருக்கிறதே, அது அவர் தோளில் தாடையைச் சாய்த்துக்கொண்டு நின்றபடியே தூங்கிப்போகும். அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் சாம்பல் மயிரைத் தட்டிவிட்டு, "சக்களத்தி வந்தாலும் வந்தா, நாலு காலோட வந்திருக்கா" என்பாள் அவர் மனைவி.

புதிதாக வந்த டாக்டரம்மா ஒருநாள் லாயத்துக்குள் வந்து நின்றாள். குதிரைக்கு உடம்புக்குள்ளே ரத்தம் கசிந்தால் அதைச் சட்டென்று உறைய வைக்க ஒரு மருந்து இருக்கிறதாம். நரம்பு வழியாக ஏற்ற வேண்டுமாம். அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும்.

"ஆடாம அசையாம நிக்கிற குதிரைங்கதான் எனக்கு வேணும். எதை எடுக்கலாம்ணே?"

சீட்டிக்காரர் வாய் சும்மா இருந்ததா? "சாம்பலியை எடுங்கம்மா. நான் பக்கத்துல நின்னா கழுத்தையே அறுத்தாலும் அசைய மாட்டா."

பெருமையில் வந்த பேச்சு. கேட்டவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சாம்பலி சோதனைக்குப் போனது.

சோதனை இப்படித்தான். ஒரு முறை மருந்து, இன்னொரு முறை வெறும் உப்புத் தண்ணீர். பாட்டிலில் இருப்பது எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது; மருந்து கலக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். கழுத்து நரம்பில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அப்புறம் முன்னங்காலில் மயிரை மழித்து, பிளேடால் சின்னக் கீறல். கசிகிற ரத்தத்தைத் தாளில் ஒற்றி ஒற்றி எடுத்து, எப்போது நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

பாட்டிலில் இருப்பது எது என்று சீட்டிக்காரருக்கு மட்டும் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மருந்து என்றால் சாம்பலியின் தொடைச் சதை துடிக்கும், கண்ணில் நீர் வழியும், வாயில் நுரை கட்டும். ஆனாலும் நகராது. அவர் சீட்டி அடித்துக்கொண்டே இருப்பார், அது அவர் தோளில் நடுங்கிக்கொண்டே நிற்கும். சோதனை முடிந்த அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படியே நடந்துகொண்டிருக்கையில் ஒரு காலை, தேய்த்துவிடும்போது விரலில் தட்டுப்பட்டது. கழுத்தின் இடது பக்க நரம்பு கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. அந்த லாயத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் இது என்னவென்று தெரியும்: ஊசி பட்டுப் பட்டு நரம்புக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் அடைத்தால் குதிரை சமாளித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அடைத்தால் தலை வீங்கி, மூச்சுக்கே மோசம் வந்துவிடும்.

டாக்டரம்மா தடவிப் பார்த்தாள். முகம் வாடித்தான் போயிற்று. "அடுத்த தடவை வலது பக்கம் போட்டுக்கலாம். ரொம்ப ஜாக்கிரதையா போடறேன்."

"இவளை விட்டுடலாமேம்மா. வேற ஒண்ணை எடுத்துக்குங்க."

"பாதியில விட்டா இவகிட்ட இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் வீணாப் போயிடும்ணே. குட்டி போட்டுட்டு ரத்தம் நிக்காம என் கண்ணு முன்னாடியே செத்த குதிரைங்க இருக்கு. நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டுதான் நின்னேன். முரண்டு பண்ற குதிரைன்னா விட்டுத்தான் ஆகணும், இவ தங்கமா நிக்கிறாளே!"

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. திட்டித் தீர்க்கவும் ஆள் இல்லை.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், சீட்டிக்காரர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சும் ஒரு கோணி ஊசியுமாகச் சாம்பலியின் அறைக்குள் போனார். பஞ்சை அதன் கழுத்தில் தேய்த்தார். சீட்டி அடித்தார். அது வழக்கம்போலத் தோளில் தாடையை வைத்தது. குதிரையின் தோள் சதையில் ஊசியை நறுக்கென்று குத்தினார்.

சாம்பலி திடுக்கிட்டு விலகி அவரைப் பார்த்தது. மறுபடியும் வந்து தாடையை வைத்தது. அதுதான் கொடுமை. ஏதோ தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. அவர் மறுபடியும் சீட்டி அடித்தார், மறுபடியும் குத்தினார்.

தினமும் அதே மதியம், அதே பஞ்சு, அதே சீட்டி. கொஞ்ச நாளில் அவர் உதட்டைக் குவித்தாலே சாம்பலி சுவரோடு ஒண்ட ஆரம்பித்தது.

அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் தப்பு என்று யாராவது அடித்துச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்கிறதாக இல்லை. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சோதனைக்கு வரும்படி டாக்டரம்மா கூப்பிட்டாள். தலைக்கயிற்றை அவர்தான் பிடித்திருந்தார். வலது கழுத்தில் பஞ்சு பட்டது. அவர் சீட்டி அடித்தார். சாம்பலி இரண்டு காலில் எழும்பி நின்றது; தட்டு பறந்தது, கண்ணாடிக் குழாய்கள் தரையெல்லாம் நொறுங்கின. டாக்டரம்மா கதவோரம் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

"ஐயோ, அடி பட்டுடுச்சாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பாவம், அவளுக்குத்தான் பயம் வந்துடுச்சு." எழுந்து கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டாள். "விடுங்கண்ணே, இவ போதும். உங்க மேல என்ன தப்பு? நீங்க எவ்வளவு பாசமா வெச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சாம்பலிக்குப் பதிலாக ஒரு செம்பழுப்புக் குதிரை வந்தது. அதையும் அவரேதான் பிடித்து நின்றார். அதன் கண்ணில் நீர் வழிந்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி விடவில்லை. "என்ன, சக்களத்தியோட சண்டையா? சட்டையில ஒரு மயிரைக்கூடக் காணோமே."

"அவளுக்கு என்னைப் பிடிக்கல."

"அடேயப்பா, நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சாம்பலிக்கு இப்போது தண்ணீர் வைப்பது, தேய்த்துவிடுவது எல்லாம் புல் கொண்டுவருகிறவன்தான். சீட்டிக்காரர் தினமும் தடுப்புக்கு வெளியே வந்து, அது மிரளாத தூரத்தில் நின்றுகொள்வார்.

"நரம்பு எப்படிடா இருக்கு?"

"இளகிக்கிட்டு வருதுண்ணே. கீழ்ப் பக்கம் மெத்துன்னு ஆயிடுச்சு. நீங்களே வந்து தொட்டுப் பாருங்களேன்."

"வேணாம். மேல தாடைகிட்ட எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

அவன் தடவிப் பார்த்துச் சொன்னான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அந்த இடத்தை இன்னொரு தரம் தடவச் சொன்னார்.