அம்மா நடவுக்குப் போகாத ஐப்பசி

மழை விட்ட காலை, வயல் வரப்பு. மற்ற பெண்கள் எல்லாம் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, அம்மா மட்டும் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்...

நான்கு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி அது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருந்தேன். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அப்பா சிங்கப்பூர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். நிலத்துக்காக நடந்த தகராறில் தாத்தா கோர்ட், ஸ்டேஷன் என்று அலைந்து பட்டா வாங்கியது எங்கள் இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூட வராது. தெருவில் பலருக்கும் அப்படிக் கிடைத்த துண்டு நிலம்தான். கூலிக்கு ஆள் வைக்கக் கட்டாது. இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று பெண்களே மாற்றி மாற்றி நட்டுக்கொள்வார்கள்.

அன்று செல்வி சித்தி வயலில் நடவு. சித்தி அம்மாவின் கூடப்பிறந்தவள் இல்லை, கூட்டாளி. நட்டுக்கொண்டிருந்த அம்மா திடீரென்று நிமிர்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. தள்ளாடி, சித்தியின் தோளைப் பிடித்தாள்.

"என்னக்கா, தலை சுத்துதா? மூணு மாசமா தலைக்குக் குளிக்கலன்னு வேற சொன்னே..."

சித்தி அதோடு விட்டிருக்கலாம்.

"மாமா சிங்கப்பூர்லேருந்து போன்லயே அனுப்பிட்டாரா?"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. அம்மா கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு, வரப்பேறிப் போய்விட்டாள்.

அப்பா ஊரில் இல்லாத வீடு. அந்தப் பேச்சு தெருவுக்குள் போனால் என்ன ஆகும் என்று வரப்பில் நின்ற எனக்கே புரிந்தது.

அதற்குப் பிறகு அம்மா நடவுக்குப் போகவில்லை. குழாயடிக்கும் போகவில்லை. சோறு குழைந்தால் கத்துவாள். பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுவாள். எங்கள் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போனால், நட்டாலும் தூர் கட்டிப் பெருகாது.

"நாம போகாம அவளுவள எப்படிக் கூப்புடுறது? கெடக்கட்டும் விடு" என்றாள் அம்மா.

தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கலாம் என்று சொல்லித்தான் அம்மாவை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா எல்லாம் விசாரித்து, டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தார்.

"கர்ப்பம் இல்லம்மா. மாதவிலக்கு நிக்கிற காலம். நாப்பத்தேழு வயசுல வர்றதுதான். திடீர்னு வேர்க்கும், தூக்கம் கெடும், கோவம் வரும், அழுகை வரும். வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா இன்னும் கஷ்டம். ரொம்ப முடியலன்னா வாங்க, மருந்து இருக்கு."

பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போவுதுன்னு நெனச்சேன் தேவி..."

கொஞ்ச தூரம் போன பிறகு, "அதுக்காக அவளுவகிட்ட போயி வெளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க முடியாது" என்றாள்.

சாயங்காலம் குடத்தோடு குழாயடிக்குப் போனேன். செல்வி சித்தி தனியாக இருந்தாள். குடம் நிரம்பி வழியும் வரை நின்றேன்.

"சித்தி... அம்மாவுக்குப் புள்ளையெல்லாம் இல்ல. மாசாமாசம் வர்றது நிக்கப் போவுதாம். அதான் வேர்க்குது, மயக்கம் வருது. நீங்க எல்லாரும் சிரிச்சதுதான் தாங்கல. அங்க நாத்து முத்துது."

சித்தி குழாயை மூடினாள்.

"எனக்கும் ஆறு மாசமா அப்படித்தான்டி வேர்க்குது. சுகருன்னு நெனச்சுக்கிட்டு, சீனி போடாம டீயக் குடிச்சிட்டுக் கெடக்குறேன்."

மறுநாள் விடிந்ததும் எங்கள் நாற்றங்கால் பக்கம் பேச்சுச் சத்தம். அம்மா ஓடினாள். தெருப் பெண்கள் எல்லாம் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி கூப்புட்டா உங்கள?"

"எம்மேல கோவம்னா ரெண்டு அடி அடிச்சுக்க. நாத்து என்னக்கா பண்ணுச்சு?" என்றாள் சித்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டரம்மா என்னிக்கு இருப்பாங்க? என்னையும் கூட்டிட்டுப் போ."

அம்மா முறைத்தாள்.

"புதன்கெழம. வாய மட்டும் வீட்டுல வச்சுட்டு வா."

முதலில் சிரித்தது சித்திதான்.

இப்போது எங்கள் பக்கம் மெஷின் நடவு வந்துவிட்டது. பெண்கள் வரிசை சின்னதாகிவிட்டது. ஆனால் யாருக்காவது குப்பென்று வேர்த்தால் இன்று யாரும் மறைப்பதில்லை. "எனக்கு வந்துட்டுடி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுக் கரையேறி உட்காருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள் பங்கையும் சேர்த்து நடுகிறார்கள். அம்மாவும் இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

அந்த ஐப்பசியில், நாற்றுப் பறித்த அன்றே அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் வயலில் இறங்கினாள். சித்தி நகர்ந்து இடம் விட்டாள். நான் சுடிதார் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.