மகளின் முதல் பட்டை

என் கணவர் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர். சட்டைக் கையில் ஒரு பட்டை ஏறியதும் லான்ஸ் நாயக், இரண்டு ஏறியதும் நாயக். அவர் காலத்தில் பெண்கள் ஆபீசராகலாம், சிப்பாயாக முடியாது. மகள் மிலிட்டரி போலீசில் சிப்பாயாகச் சேர்ந்ததும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

போன மாதம் திருத்தணிக்கு லீவில் வந்தவள், தனக்குக் கிடைத்த முதல் பட்டையைத் தைத்துத் தரும்படி என்னிடம் சட்டையை நீட்டினாள். அவர் எழுந்து வந்தார்.

"உங்கம்மா கோணலா தெச்சிடுவா. குடு இங்க."

"நைனா, உனுக்கு ஊசில நூல் கோக்கவே கண்ணு தெரியாதே!"

"நீ கோத்துக் குடு, லான்ஸ் நாயக்."

அவள் கோத்துக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு தையலாகப் போட்டார். வீட்டில் அவர் ஊசியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.