அம்மா கேஜ் ஏறினாள்

அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால், மண்டைக்குள், ஒரு கட்டி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்க முடியாது என்று பெங்களூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவோ அந்தக் குழாய்க்குள் தலை போனதுமே அலறிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். மயக்க மருந்து கொடுக்கலாமா என்றால், இவள் இதயத்துக்கு ஆபரேஷனுக்கு ஒரு தரம் கொடுப்பதே அதிகம், ஸ்கேனுக்கும் சேர்த்து ஆகாது என்றார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அப்போது எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம். என் ஆராய்ச்சியே வி.ஆர். கண்ணாடியை மாட்டி மனப்பதற்றத்தைக் குறைப்பதுதான். எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் ஊரார் பயத்தையெல்லாம் போக்கிவிட்டு வீடு திரும்பினால், என் வீட்டுப் பயம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும். எரிச்சலாக வரும்.

என் கைடிடம் கேட்டேன். "சொந்தக்காரங்களை ஆய்வுல சேர்க்க முடியாது. கண்ணாடிய வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். நல்ல மனுஷி.

முதலில் கடற்கரையைப் போட்டுக் காட்டினேன். கல்லூரியில் எல்லோரையும் சொக்க வைத்த கடற்கரை அது. அம்மா இரண்டு கையாலும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி இது, தண்ணி வருது! நிறுத்துடி!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். அன்றைய ஆராய்ச்சி அத்தோடு சரி.

பிறகு ஸ்கேன் குழாயையே கண்ணாடிக்குள் உருவாக்கினேன். இருட்டு, முகத்துக்கு மேல் நெருங்கி நிற்கும் சுவர், அந்த டமடம சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் பயம் தெளியும் என்பது பாடம். என் குரலிலேயே பதிவு செய்தேன்: "பயப்படாதீங்க. இப்ப மெதுவா உள்ள போறீங்க."

எங்கள் ஊரில் 'உள்ளே போவது' என்றால் ஒரே அர்த்தம்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பா மைனில், தங்கச் சுரங்கத்தில், வேலை பார்த்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை நெருக்கி நிற்க வைத்து, மணி அடித்து, பூமிக்குள் இறக்குவார்கள். மைன் மூடியபோது நான் கைக்குழந்தை. நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பாவும் போய்விட்டார். அம்மா கேஜ் ஏறியதே இல்லை, பெண்களை விடமாட்டார்கள். கல்யாணமான புதிதிலிருந்தே அப்பாவிடம், "உள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அவர் கை கழுவியபடி, "இன்னா இருக்கும்? இருட்டு. சோத்தப் போடு" என்பாராம். கடைசிவரை அதுதான் பதில்.

கண்ணாடிக்குள் என் குரல் கேட்டதும் அம்மா கட்டிலில் அசையாமல் கிடந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்து, கழற்றிவிடக் கை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"இதான் கேஜா?"

இல்லை, ஸ்கேன் மெஷின் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "இம்மாம் நெருக்கத்துலயா போனாரு" என்றாள். குரல் அடங்கிப்போயிருந்தது. டமடம சத்தம் தொடங்கியது. "பாறைக்கு மருந்து வெச்சு வெடிக்கிறாங்க" என்று எனக்கே விளக்கம் சொன்னாள். திருத்த மனசு வரவில்லை.

மறுநாளிலிருந்து அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள். சாயந்திரம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "கண்ணாடிய எடு, ஒரு தரம் உள்ள போய்ட்டு வரேன்" என்பாள்.

ஸ்கேன் நாள் வந்தது. டெக்னீஷியன் அவளைப் படுக்க வைத்து, ரப்பர் பந்து மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்குங்கள், மணி அடிக்கும் என்றார். அம்மா சரி என்றாள். நாங்கள் வெளியே வந்து அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, மணி அடித்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு. அவர் உள்ளே ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏனாய்த்தம்மா?" என்று கன்னடத்தில் பதறினார்.

அம்மா நிதானமாக எங்களைப் பார்த்தாள். "மணி அடிச்சிட்டேனே. இன்னும் ஏன் கிளம்பல?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மணி அடித்தால் கேஜ் கிளம்ப வேண்டுமே!

"இப்ப கிளம்பிடும்மா. இனி நீ அடிக்காத, நாங்க பார்த்துக்கிறோம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். மேசை நகர்ந்தது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு தரம் அலறி ஓடிய அதே மனுஷி. குழாய்க்கு வெளியே தெரிந்த கால்விரல்கூட ஆடவில்லை. நான் செய்த படம் கால்பங்கு வேலைகூடச் செய்திருக்காது. மீதியை எது செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

ஸ்கேன் படம் துளியும் ஆடாமல் வந்திருப்பதாக டெக்னீஷியன் சொன்னார். அம்மா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"உள்ள எப்படிம்மா இருந்துச்சி?"

"இன்னா இருக்கும்? இருட்டு" என்றாள். "வா, சோறு துன்னலாம்."