கடைமடைக்காரன் தூக்காத கை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையெழுத்தும் பிழைகளும் கண்ணை உறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தா.பழூர் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் என் வயல். எனக்கு மேலே சித்தப்பா மகன் செல்வராசுவின் வயல். அவன் பேசினால் ஊரே கேட்கும். எனக்கோ நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. அந்த வயிற்றெரிச்சல் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சுதந்திர தினத்துக் கிராம சபையில் அவன் எழுந்தான்.

"வயல்ல எந்நேரமும் தண்ணி நின்னா, அதுலேருந்து கிளம்புற வாயுவும் பூமியச் சூடாக்குதாம். காயவுட்டுக் காயவுட்டுப் பாய்ச்சுவோம். ஊரே முறை வச்சாத்தான் நடக்கும். தீர்மானம் போடுங்க."

முறை வைத்தால் என் வயலுக்கும் தண்ணீர் வரும். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் மட்டும் தூக்கவில்லை. இந்தப் பெயரும் அவனுக்கா?

"வெளைச்சல் கொறையாதா?" என்றார் தலைவர்.

"எங்க அண்ணன் வயலப் பாருங்க. போன வருசம் மண்ணு வெடிக்கிற மட்டும் காயவுட்டாரு. கொறையவே இல்ல!" என்று செல்வராசு என்னைக் காட்டினான்.

எனக்குக் கை தட்டினார்கள். வேர்த்துப்போய் எழுந்தேன்.

"நான் வேணும்னு காயவுடலீங்க. தண்ணி கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

சபையே சிரித்தது. செல்வராசு சிரிக்கவில்லை.

"இனிமே கேக்க வேணாம்ணே. உங்க முறை தானா வந்துரும்."

கையைத் தூக்கினேன்.

இப்போது தண்ணீர் முறைப்படி வருகிறது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். முன்பு அவன் பேச்சின் மேல் இருந்தது. இப்போது அவன் மனசின் மேலும் இருக்கிறது.

எழுதி முடித்தது: தை இரண்டு, மாட்டுப் பொங்கல்.